பிரேக் இழுப்பைக் கண்டுபிடிக்க வெப்பமானி துப்பாக்கி வாங்கலாமா?

"அண்ணாச்சி, பிரேக்கப் புடிச்சா வண்டி சோத்தாங்கைப் பக்கம் இழுக்கு" என்று வரும் காரை நேரே அலைன்மென்டுக்கு (சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய) அனுப்பிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அலைன்மென்ட் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாதபோதும் வண்டி இழுக்கும். மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பெரும்பாலும் முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்று அதிகமாகப் பிடிக்கிறது, இல்லை மற்றது சரியாகப் பிடிக்கவில்லை. அதிகம் பிடிக்கும் சக்கரம் அதிகம் சூடாகும் என்பதால், எது என்று சக்கரத்தைக் கழற்றாமலே காட்டிக்கொடுக்க, லேசர் புள்ளியோடு வரும் அகச்சிவப்பு வெப்பமானி போதும். ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்திலேயே கிடைக்கிறது. தாராளமாக வாங்கலாம். ஆனால் அது காட்டும் எண்ணை எப்படி நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

குறைந்தது 380 டிகிரி வரை அளப்பதாகவும், தூர விகிதம் 12:1 உள்ளதாகவும் பார்த்து எடுங்கள். 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 2.5 செ.மீ. வட்டத்தின் சூட்டை அளக்கும். வீல் துளை வழியாக டிஸ்க்கை (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டை) பார்க்க இது சரியாக இருக்கும். விகிதம் குறைந்த கருவி ரிம்மின் சூட்டையும் சேர்த்து அளந்து ஏமாற்றும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த மருத்துவக் கருவி இந்த வேலைக்கு ஆகாது.

இதன் பெரிய குறை பளபளப்பு. விலை குறைந்த கருவிகளில் உமிழ்திறனை (ஒரு பரப்பு சூட்டைக் கதிராக வெளிவிடும் அளவை) 0.95 என்று மாற்ற முடியாமல் வைத்திருப்பார்கள். பேடு (டிஸ்க்கை இறுக்கும் பிரேக் கட்டை) உரசி மின்னும் டிஸ்க்கின் உமிழ்திறன் அதைவிட மிகக் குறைவு என்பதால், உள்ளதைவிடக் குறைந்த சூட்டையே காட்டும். அதனால் 'டிஸ்க் எத்தனை டிகிரி' என்ற கேள்வியை விட்டுவிட்டு, இடது வலது வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், முடிந்தால் டிஸ்க்கின் நடுவே துருவேறிய பகுதியில் அளக்க வேண்டும். ஒரு பக்கம் புது டிஸ்க், மறுபக்கம் பழசு என்றால் இந்த ஒப்பீடும் நம்பத்தக்கதல்ல.

அளப்பதற்கு முன் முன்டயர் இரண்டிலும் காற்றைச் சமமாக்குங்கள். பிறகு ஓட்டம் இரண்டு முறை. முதலாவதில் ஐந்து கிலோமீட்டர் போல பிரேக்கையே தொடாமல் ஓட்டி, கியரைக் குறைத்து வேகத்தை அடக்கி, கடைசியில் ஹேண்ட்பிரேக்கில் நிறுத்துங்கள். பெரும்பாலான சிறு கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில்தான் பிடிக்கும் என்பதால் முன் டிஸ்க்குகள் சூடாகாது. அப்படியும் ஒரு பக்கம் 50, மறுபக்கம் 110 என்று வந்தால், சூடான சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. இரண்டும் சமமென்றால் அடுத்த ஓட்டம்: 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை ஏழெட்டு முறை பிரேக் பிடித்து, நின்றதும் தாமதிக்காமல் அளந்து பாருங்கள். வண்டி வலப்பக்கம் இழுத்து, இடது டிஸ்க் தெளிவாகக் குளிர்ந்திருந்தால், வேலை செய்யாதது இடதுதான். வண்டி இழுக்கும் பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் விடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் வீண் செலவு. பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும் இடமும் முக்கியம். நம் சாலைகள் மழைநீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும் என்பதால் கொஞ்சம் இடது சாய்வு எல்லா வண்டிக்கும் உண்டு. ஆனி, ஆடியில் நெல்லை மாவட்டத்துப் பணகுடி, காவல்கிணறு பக்கம் சோதிக்கவே கூடாது. காற்றாலைகளைச் சுழற்றும் அந்த மேல்காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று), தெற்கே போகும் வண்டியை இடப்பக்கமே தள்ளும்.

துப்பாக்கி சக்கரத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. அதற்கு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்திக் கழற்றத்தான் வேண்டும். பிடித்துக்கொண்ட சக்கரத்தின் பிளீடரை (பிரேக் ஆயிலைத் திறந்துவிடும் திருகை) கொஞ்சம் திருகி விடுங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் சுழன்றால் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. பிளீடரை மூடி, பிரேக்கை மிதித்து விட்டு, அந்தச் சக்கரத்துக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸின் மேல்முனையில் இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் சுழலாவிட்டால் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வாகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பிளீடரைத் திறந்தும் சுழலவில்லையென்றால் பேடைத் தள்ளும் பிஸ்டனோ, காலிப்பர் (பேடுகளைத் தாங்கும் கவ்வி) நகர்வதற்கான 'பின்'னோ (pin) துருப்பிடித்திருக்கிறது.

பிடிக்காத சக்கரத்திலும் முதல் சந்தேகம் காலிப்பர் பின் மேல்தான். உவரி, திருச்செந்தூர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளிலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளிலும் ரப்பர் பூட் (உறை) வழியே ஈரம் புகுந்து காலிப்பர் பின் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். உள் பேடு நன்றாகத் தேய்ந்து வெளிப் பேடு கனமாக இருந்தால் அதுவே சாட்சி. துருவைச் சுத்தம் செய்து, புது பூட் போட்டு, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மட்டும் பூசுங்கள். சேசிஸ் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதி, சில மாதத்தில் மறுபடி இறுகும். காலிப்பர் பின் சரியாக இருந்தால், ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் பேடில் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குடித்த பேடை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது வீண். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

இரண்டு ஓட்டத்திலும் சூடு சமமாக இருந்தும் வண்டி இழுத்தால், பிரேக்கை விட்டுவிடலாம். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் ரப்பர்) கிழிந்திருந்தால் மிதிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து திசை மாறும். லீவர் வைத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். டயர் மேல் சந்தேகமென்றால் முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயரில் இதைச் செய்யாதீர்கள்.

திடீரென இழுக்க ஆரம்பித்து, பெடலும் கீழே இறங்கி, எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் சூடு அளக்க நேரமில்லை. பெரும்பாலான சிறு கார்களில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் ஒரு லைன். ஒரு லைனில் ஆயில் ஒழுகிப் போனால் முன்சக்கரங்களில் ஒன்று மட்டுமே பிடிக்கும். அந்த வண்டியை ஓட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.