சைக்கிள் பயிற்சிச் செயலிக்கு வருடச் சந்தா கட்டும் முன்: விடியற்காலை ஒர்க்அவுட் ஒன்றைப் போட்டுச் சோதித்துவிடுங்கள்

சைக்கிள் பயிற்சிக்கென்று ஒரு செயலியில் வருடச் சந்தா கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டி வாங்கிய திட்டம் எனக்குச் சனிக்கிழமை பயிற்சியை வெள்ளிக்கிழமை கொடுத்தது, சனிக்கிழமை ஓட்டி முடித்ததை ஓட்டவே இல்லை என்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று பதில் வந்தது. செயலியின் பெயரை நான் போடவில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தவிர, இதே கோளாறு வேறு செயலிகளிலும் இருக்க வாய்ப்பு உண்டு.

விளம்பரத்தில் மூன்று விஷயம் போட்டிருந்தார்கள். கூகுள் கேலண்டருடன் இருவழி இணைப்பு. பயிற்சி தானாகவே சைக்கிள் கம்ப்யூட்டருக்கு (ஹேண்டில்பாரில் மாட்டும் சின்னத் திரைக் கருவி) போய்விடும். ஓட்டி முடித்த ரைடைப் பார்த்து, அடுத்த வாரத் திட்டத்தைச் செயலியே மாற்றி அமைத்துக்கொள்ளும். இலவசமாகக் கொடுத்த சோதனைக் காலத்தில் மழை. மாலையில் வீட்டிலேயே ட்ரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் சாதனம்) தான் ஓட்டினேன், எந்தக் குறையும் தெரியவில்லை. சோதனைக் காலம் முடிந்ததும் கார்டிலிருந்து வருடத் தொகையை எடுத்துக்கொண்டார்கள். மழை விட்டு, ஈசிஆர் பக்கம் காலை ரைடுகள் தொடங்கியதும்தான் கூத்து ஆரம்பித்தது.

முதலில் அந்த 'இருவழி' கதை. செயலியின் அமைப்புகளுக்குள் போனால் ஒரு நீளமான இணைப்பு முகவரி தருவார்கள். அதைக் கணினியில் கூகுள் கேலண்டரைத் திறந்து, முகவரி மூலம் சேர் என்ற இடத்தில் ஒட்ட வேண்டும். போனில் உள்ள கூகுள் கேலண்டர் செயலியில் அந்த வசதியே கிடையாது. இப்படி ஒட்டிச் சேர்க்கும் எந்தக் கேலண்டரும் ஒருவழிதான், படிக்க மட்டும்தான். கேலண்டரில் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துப் போடவே விடாது. நிஜமான இருவழி இணைப்பு என்றால் உங்கள் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லி, கேலண்டரை மாற்ற அனுமதி கேட்பார்கள். முகவரியை நகலெடுத்து ஒட்டு என்று மட்டும் சொன்னால் அங்கே இருவழி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைச் சப்போர்ட்டில் கேட்டபோது, ஒரு வழி கேலண்டருக்கு, இன்னொரு வழி கம்ப்யூட்டருக்கு, ஆக இருவழி என்று விளக்கம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த ஒருவழியும் மெதுவாகத்தான் நகரும். கூகுள் இந்த மாதிரி முகவரிகளைத் தனக்குத் தோன்றிய நேரத்தில்தான் போய்ப் பார்க்கும். செயலியில் செய்த மாற்றம் கேலண்டரில் தெரிய அரை நாள் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். உடனே புதுப்பிக்க ஒரு பட்டன்கூடக் கிடையாது. மேக் கணினியின் கேலண்டரில் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை வரை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் மனைவியும் அதே முகவரியைத் தன் கேலண்டரில் சேர்த்திருந்தாள். நான் லாங் ரைடை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டுச் சனிக்கிழமை நிம்மதியாகத் தூங்கினால், "ஏங்க, நாலு மணி நேர ரைடுன்னு போட்டிருக்கு, இன்னும் கிளம்பலையா?" என்று எழுப்பிவிடுவாள். இந்தத் தாமதம் கூகுளின் ஏற்பாடு, அதற்குச் செயலிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'உடனுக்குடன்' என்று விளம்பரம் போட்டது அவர்கள்தானே.

இன்னொன்று. அந்த முகவரி கிட்டத்தட்ட ஒரு சாவி. யார் கையில் கிடைத்தாலும், நீங்கள் எந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கமாட்டீர்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். உதவி கேட்கும் அவசரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டுவிடாதீர்கள்.

கேலண்டரையாவது சகித்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் நடந்ததுதான் சகிக்க முடியாதது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என்று போட்ட பயிற்சி செயலியில் சனிக்கிழமையில்தான் இருந்தது. கூகுள் கேலண்டரிலும் சனிக்கிழமை ஐந்து மணி என்றே காட்டியது. ஆனால் என் சைக்கிள் கம்ப்யூட்டரான கார்மினில் அது வெள்ளிக்கிழமையின் பயிற்சியாக வந்து உட்கார்ந்துகொண்டது. திருவான்மியூர் சிக்னல் அருகே எல்லோரும் கிளம்பத் தயாராக நிற்க, நான் தெருவிளக்கு வெளிச்சத்தில் மெனுவை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்குப் பயிற்சி எதுவும் இல்லை என்று திரை சொல்லும். சில நாள் மட்டும் சரியாக வரும். எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்பதற்கு ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

சப்போர்ட்காரர்கள் சொன்ன வைத்தியம் எல்லாம் வழக்கமானதுதான். செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள், நிறுவினேன். கார்மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப இணைக்கச் சொன்னார்கள், அதையும் செய்தேன். அப்புறம் கேலண்டர் இணைப்பையும் புதிதாக்கச் சொன்னார்கள். அதில் புது முகவரி வந்தது, பழையதும் கேலண்டரில் அப்படியே நின்றது, ஒவ்வொரு பயிற்சியும் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. அடுத்து, ரைடுகளைப் பதிவு செய்து பகிரும் செயலியான ஸ்ட்ராவாவைத் துண்டித்து இணைக்கச் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இங்கே ஸ்ட்ராவாவின் வேலை ஓட்டி முடித்த ரைடைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. நாளைக்கு ஓட்டவேண்டிய பயிற்சி கம்ப்யூட்டருக்குப் போகும் பாதையில் ஸ்ட்ராவா குறுக்கே வரவே இல்லை. கடைசியாகக் கம்ப்யூட்டரையே முழுவதுமாக அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை. உங்களிடம் சொன்னாலும் செய்யாதீர்கள். திரை அமைப்புகள், சென்சார் இணைப்புகள், சேமித்து வைத்த வழித்தடங்கள் எல்லாம் போய்விடும்.

கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் ரைடிங் குழுவில் உள்ள ஒரு தம்பி, மென்பொருள் வேலையில் இருப்பவன். டீக்கடையில் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, தப்பா வந்ததெல்லாம் எத்தனை மணிக்குப் போட்ட ஒர்க்அவுட்டு?" என்றான். பார்த்தால் எல்லாமே ஐந்து மணி, நாலே முக்கால். சரியாக வந்தவை ஆறு மணியும் மாலையும். "அஞ்சரைக்கு முன்னாடி போட்டா நேத்தைக்குப் போயிடுது. யுடிசிண்ணா" என்று முடித்துவிட்டான்.

விஷயம் இதுதான். இந்திய நேரம் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஐந்து மணி என்பது யுடிசியில் வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை. கேலண்டருக்குப் போகும் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தோம். நவம்பர் 16, சனிக்கிழமை காலை ஐந்து மணிப் பயிற்சிக்கு 20241115 என்ற தேதியும், 233000 என்ற நேரமும், கடைசியில் இசட் என்ற எழுத்தும் இருந்தன. அந்த இசட் இருந்தால் அது யுடிசி நேரம் என்று அர்த்தம். இதில் தவறு இல்லை. கூகுள் அதைப் படித்து நம் நேரத்துக்கு மாற்றிச் சனிக்கிழமை ஐந்து மணி என்று சரியாகக் காட்டிவிடுகிறது. ஆனால் கார்மினின் சொந்தச் செயலியான கார்மின் கனெக்டின் நாட்காட்டியில் பயிற்சிக்குத் தேதி மட்டும்தான், மணி கிடையாது. அங்கே அனுப்பும்போது செயலி நம் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத் தேதியை எடுத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் யுடிசி தேதியை அப்படியே வெட்டி அனுப்பிவிடுகிறது. கார்மின் தனக்கு வந்த தேதியில்தான் வைக்கிறது, அதன் மேல் குற்றம் இல்லை.

திரும்பி வரும் ரைடிலும் இதே கதைதான். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரம் ஓட்டினால், செயலி அதை வெள்ளிக்கிழமைக் கணக்கில், திட்டமிடாத ரைடு என்று எழுதிக்கொள்கிறது. சனிக்கிழமைக் கட்டம் சிவப்பாகி, பயிற்சி விடுபட்டது என்று காட்டுகிறது. உடனே அந்தப் புத்திசாலித் திட்டம் களத்தில் இறங்கும்: இவர் வார இறுதியில் ஓட்டவில்லை, வெள்ளிக்கிழமை வேறு இஷ்டத்துக்கு ஓட்டிக் களைத்திருக்கிறார், சுமையைக் குறைப்போம். செவ்வாய்க்கிழமை எஃப்டிபிக்கு (சுமார் ஒரு மணி நேரம் தாங்கிப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச சக்தி) ஒட்டி 15 நிமிடம் வீதம் மூன்று முறை என்றிருந்த இன்டர்வல் போய், ஒரு மணி நேர எளிதான சவாரி வந்துவிட்டது. 300 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி) தயாராகிறவனுக்கு, வாரம் தவறாமல் லாங் ரைடு போனதற்குக் கிடைத்த பரிசு இது. பயிற்சியை ஆறு மணி என்று பொய்யாகப் போட்டால் கம்ப்யூட்டருக்குச் சரியாகப் போகிறது. ஆனால் ரைடு நிஜமாகத் தொடங்கிய நேரத்தோடுதான் திரும்பி வரும் என்பதால், சிவப்புக் கட்டம் மாறுவதில்லை. ரைடையும் பயிற்சியையும் கையால் சேர்த்துவிடும் வசதி செயலியில் இல்லை. முடித்துவிட்டேன் என்று டிக் மட்டும் போடலாம், சக்தி, இதயத் துடிப்பு எதுவும் கணக்கில் ஏறாது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் கவனியுங்கள், இந்த மாதிரிக் கோளாறு ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டும். இலங்கைக்கும் நம் நேரம்தான், அதே ஐந்தரை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை எட்டு மணிக்கு முன் போட்டது எல்லாமே முந்தைய நாளுக்குப் போகும். அதாவது வேலைக்குப் போகும் முன் ஓட்டுகிறவர்களுக்குக் காலை ரைடு ஒன்றுகூடத் தப்பாது. துபாயில் நாலு மணி. டொராண்டோ பக்கம் தலைகீழ். குளிர்காலத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் ட்ரெய்னரில் ஏறினால் அது நாளைய கணக்கு, கோடையில் எட்டு மணிக்கு மேல். லண்டனில் குளிர்காலம் முழுக்க நேரமும் யுடிசியும் ஒன்று. கோடையிலும் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து ஒரு மணிக்குள் ஓட்டினால்தான் இது கண்ணில் படும். அந்த ஊர் நேரத்தில் உட்கார்ந்து சோதித்தால் ஆயுசுக்கும் தெரியாது. இதையெல்லாம் படங்களோடு விளக்கி அனுப்பினேன். எங்கள் பக்கம் சோதித்துப் பார்த்தோம், சரியாக இருக்கிறது, உங்கள் கருவியில் நேர மண்டலத்தைச் சரிபாருங்கள் என்று பதில் வந்தது.

பண விஷயம். சோதனைக் காலம் தாண்டிவிட்டது, திருப்பித் தரமுடியாது என்கிறார்கள். வேண்டுமானால் மூன்று மாதம் நீட்டித்துத் தருகிறார்களாம். உடைந்த பொருளுக்கு வாடிக்கையாளர் சலுகை! செயலியின் இணையதளத்தில் கார்டு கொடுத்து வாங்கியதால் கூகுள் ப்ளே வழியாகக் கேட்கவும் வழியில்லை. ப்ளே ஸ்டோரில் வாங்கியிருந்தால் முதல் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். சந்தாவை நிறுத்தும் பட்டனையும் செயலிக்குள் எங்கும் காணோம், மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள். நான் வங்கியின் பக்கம் போய் தானியங்கிப் பணம் செலுத்தும் அனுமதியையே ரத்து செய்துவிட்டேன். இந்த மாதிரித் தானாகப் பணம் எடுப்பதற்கு 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்கமாட்டார்கள். 24 மணி நேரம் முன்பு ஒரு குறுஞ்செய்தி வரும், அதை விட்டால் போச்சு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2020-இன் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நிறுத்த முடியாதபடி சந்தாவில் சிக்கவைப்பது 2023-இல் வந்த ஏமாற்று வடிவமைப்பு வழிகாட்டு நெறிமுறைகளில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. புகாரில் இவை இரண்டையும் குறிப்பிட்டேன்.

சோதனைக் காலத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் செய்துவிடுங்கள். நாளை மறுநாள் காலை நாலரைக்கு ஒரு சின்னப் பயிற்சியைப் போடுங்கள். செயலி, கேலண்டர், கம்ப்யூட்டர் மூன்றிலும் எந்தத் தேதி காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் அதை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், பழைய தேதியில் இருந்தது கம்ப்யூட்டரிலிருந்து போகிறதா பாருங்கள். அந்தப் புதுத் தேதியில் காலை நாலரைக்கே தெருமுனை வரையாவது ஓட்டிவிட்டு வந்து, கட்டம் பச்சையாகிறதா என்று பார்த்தபிறகு கார்டை எடுங்கள். மாதச் சந்தா இருந்தால் அதையே எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சப்போர்ட்டுக்கு எழுதும்போது 'சிங்க் ஆகவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள், மறுபடி நிறுவச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயிற்சியைப் போட்ட நேரம், செயலியில் உள்ள தேதி, கருவிக்கு வந்த தேதி மூன்றையும் கொடுத்து, உள்ளூர்த் தேதிக்குப் பதில் யுடிசி தேதியை அனுப்புகிறீர்கள் என்றே எழுதுங்கள். ஐந்தே கால் மணிக்கு ஒன்று, ஐந்தே முக்காலுக்கு ஒன்று என்று இரண்டு பயிற்சியைப் போட்டுப் படம் எடுத்துச் சேர்த்தால் மறுக்க முடியாது. என் புகாருக்குப் பதில் வந்தால் இதிலேயே கீழே சேர்க்கிறேன்.