ஒரே கேமரா, மூன்று பெயர்: மலையில் எதை வாங்குவது?

போன டிசம்பரில் கேனான் 200டி மார்க் 2 வாங்கினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதமும் வீட்டில் இதே பேச்சுதான். ஒசாகாவில் வேலை பார்க்கும் மச்சான், "கிஸ் எக்ஸ்10 இங்கே விலை குறைவு மாப்ளே, லீவுக்கு வரும்போது கொண்டு வர்றேன்" என்றார். குன்னூர் நண்பரின் மகள் அமெரிக்காவிலிருந்து வர இருந்தாள். அவளிடம் சொன்னால் ரெபெல் எஸ்எல்3 வந்துவிடும். கோவையில் கடைக்குப் போனால் 200டி மார்க் 2. மூன்றும் ஒரே கேமரா. நெற்றியில் எழுதியிருக்கும் பெயர்தான் வேறு.

பெயர்க் கதை பழையது. பழகுபவர்களுக்கான எஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) வரிசைக்கு ஜப்பானில் கிஸ் என்றும் அமெரிக்காவில் ரெபெல் என்றும் பெயர் வைத்து, மற்ற நாடுகளுக்கு வெறும் எண்ணைக் கொடுப்பது கேனானின் வழக்கம். ஃபிலிம் காலத்திலேயே, 1993-ல், முதல் கிஸ் வந்துவிட்டது. 2003-ல் டிஜிட்டலில் 300டி வந்தபோது அதுவே ஜப்பானில் கிஸ் டிஜிட்டல், அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல். கிஸ் என்பது ஏதோ ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று நிறுவனம் விளக்கம் சொல்லியிருக்கிறது. அந்த விளக்கம் கல்யாண மண்டபத்தில் எடுபடாது. அந்தப் பெயர் பொறித்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண் வீட்டார் நடுவில் பத்து வருடம் நின்றவன் நான். கடைசியில் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டேன்.

பத்து வருடம் என்றேன் அல்லவா, அது கிஸ் எக்ஸ்7ஐ (Kiss X7i). நம் ஊரில் 700டி. அதையும் இதே மச்சான்தான் 2014-ல் வாங்கி வந்தார். எனவே ஜப்பான் பெயரைப் பற்றி நான் சொல்வது பட்டுத் தெரிந்தது. அமெரிக்கப் பெயரைப் பற்றிச் சொல்வதில் பாதி ஊகம். நண்பர் வீட்டில் ஒரு மாலை நேரம் எஸ்எல்3-ஐக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

படத்தின் தரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மூன்றுக்கும் அதே 24.1 மெகாபிக்சல் சென்சார், படத்தை உருவாக்கும் அதே டிஜிக் 8 சிப், திருப்பி மடக்கும் அதே தொடுதிரை. லென்ஸ் இல்லாமல், பேட்டரி, கார்டு போட்டு 449 கிராம். உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர்கூட மூன்று பெயருக்கும் ஒன்றுதான். லாங்வுட் சோலையில் காலை ஆறரை மணிக்கு நீலகிரிச் சிரிப்பான் பறவையை எடுத்தால் மூன்றிலும் ஒரே மாதிரிதான் விழும். பெரும்பாலும் மங்கலாக. அது என் கையின் குறை.

மெனு மொழியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். கிஸ் பாடிகளில் ஜப்பானிய மொழியும் ஆங்கிலமும் இருக்கும், வேறு மொழி இருக்காது. நமக்கு அது போதும். பெட்டியில் வரும் புத்தகம் முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும், ஆங்கிலக் கையேட்டைத் தனியாக இறக்கிக்கொள்ளலாம். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பின் மட்டும் தட்டையாக இருப்பதால் ஒரு கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், ஐம்பது ரூபாய்ச் சமாசாரம்.

வீடியோ எடுப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பான், அமெரிக்கப் பாடிகள் என்டிஎஸ்சி முறையில் வைத்தே வரும். அதாவது வினாடிக்கு 30 அல்லது 60 பிரேம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து டியூப் லைட்டில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக இருள் ஓடும். எக்ஸ்7ஐ வந்த புதிதில் ஒரு காதுகுத்து முழுவதையும் இப்படி எடுத்துக் கொடுத்துவிட்டு, கேமரா கெட்டுவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். மெனுவில் என்டிஎஸ்சி-க்குப் பதிலாக நம் ஊர் முறையான பிஏஎல் (PAL) என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரு முறை மாற்றினால் போதும். நம் ஊர் 200டி-யில் இந்தத் தலைவலி தொடக்கத்திலிருந்தே இல்லை.

மூன்று பெயரிலும் ஒட்டிக்கொண்டு வரும் குறை ஒன்று உண்டு. இந்த மாடலில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முள் கிடையாது. கேனானின் சொந்த ஃபிளாஷ் மற்ற முள்களால் பேசிக்கொள்ளும். ஆனால் நடு முள்ளை மட்டும் நம்பியிருக்கும் விலை குறைந்த மேனுவல் ஃபிளாஷும், ஃபிளாஷைத் தள்ளி வைத்து வெடிக்க வைக்கும் டிரிக்கரும் வேலை செய்யாது. முந்தைய 200டி-யில் அந்த முள் இருந்தது. ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் பழைய ஃபிளாஷை நம்பி இதை வாங்க வேண்டாம். ஜப்பானில் வாங்கினாலும் அமெரிக்காவில் வாங்கினாலும் அந்த முள் முளைக்கப் போவதில்லை. என்னிடம் கேனான் ஃபிளாஷ் ஒன்று ஏற்கெனவே இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம் பெயர்க் குழப்பம். மச்சானிடம் எழுதிக் கொடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. கிஸ் எக்ஸ்10 என்றால் நம் 200டி மார்க் 2. கிஸ் எக்ஸ்10ஐ என்றால் 850டி, முற்றிலும் வேறு கேமரா. கடைசியில் வரும் அந்த ஒற்றை எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதே போல எக்ஸ்9 என்பது 200டி, எக்ஸ்9ஐ என்பது 800டி. ஐரோப்பாவில் இருந்து யாராவது வாங்கி வந்தால் இன்னும் வேடிக்கை. அங்கே நம் 200டி மார்க் 2-க்கு 250டி என்று பெயர். நம் 1500டி அங்கே 2000டி, நம் 3000டி அங்கே 4000டி. எண் பெரிதாக இருக்கிறதே என்று லண்டனிலிருந்து 4000டி வரவழைத்த ஒருவரைத் தெரியும். லென்ஸ் மாட்டும் வளையம்கூட பிளாஸ்டிக்கில் இருக்கும் 18 மெகாபிக்சல் கேமரா அது. இங்கே 3000டி என்ற பெயரில் பார்த்திருந்தால் அவர் தொட்டிருக்க மாட்டார்.

சரி, விலை. மச்சான் சொன்ன தொகையைக் கோவை விலையோடு வைத்துப் பார்த்தால் 12,000 ரூபாய் மிச்சம். சின்னத் தொகையில்லை. எனக்கு இருப்பது கொஞ்சம் தேயிலை, பச்சைத் தேயிலைக்கு இறங்குமுகமான ஒரு மாதத்தில் 12,000 என்பது பெரிய தொகை. அதையும் மீறி ஏன் கோவைக்குப் போனேன் என்றால், எக்ஸ்7ஐ-யோடு பட்ட இரண்டு அனுபவங்கள்.

முதலாவது ரிப்பேர். வாங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நாலு நாள் முன்பு ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. வெள்ளை உடுத்திக்கொண்டு அத்தனை ஊர் ஜனமும் வந்து சேரும் நாள் அது, வருடம் முழுக்கக் காத்திருந்து எடுப்பது. மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய் ஒரு சர்வீஸ் இடத்தில் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த தம்பி அடியில் இருந்த சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது நம்ம ஊர் செட் இல்லீங்க. ஜப்பான் வாரண்டி இங்க செல்லாதுங்க" என்றான். நான் 700டி-யும் இதுவும் ஒன்றுதான் என்று விளக்கினேன். "ஒன்னுதானுங்க, ஆனா கம்ப்யூட்டர்ல பேர் வரலீங்களே" என்றான். அவன்மேல் தப்பு சொல்ல முடியாது. கேமரா பாடிக்கு வாரண்டி என்பது விற்ற நாட்டோடு போகிறது. என்னிடம் இருந்த பில் யென்னில் இருந்தது. காசு கொடுத்தால் செய்து தருவதாகச் சொன்னார்கள். 6,500 ரூபாயும் மூன்று வாரமும் ஆயின. பண்டிகையைப் போனில் எடுத்தேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் மலையில் கேமராவுக்கு வரும் முக்கியமான நோய் பூஞ்சை, அதற்கு எந்த ஊர் வாரண்டியும் கைகொடுக்காது. ஜூனில் தொடங்கும் ஈரம், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழையும் சேர்ந்துகொள்வதால் டிசம்பர் வரை இழுக்கும். தோல் பையில் போட்டு பீரோவில் வைத்தால் மூன்றே மாதத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படரும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் காற்றுப் புகாத அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். மணி நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி பயன்படும். இதில் கிஸ் என்ன, ரெபெல் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். எனவே வாரண்டியை மட்டும் வைத்து 12,000 ரூபாயை நியாயப்படுத்த முடியாது என்று மச்சான் வாதாடியபோது என்னிடம் சரியான பதில் இல்லை.

பதில் கிடைத்தது இரண்டாவது அனுபவத்தில், எக்ஸ்7ஐ-யை விற்கப் போனபோது.

புதியது வாங்கப் பழையதை விற்க வேண்டும். மலையில் செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்குபவர்கள் மூன்று வகை: புதிதாகக் கல்யாண வேலைக்கு இறங்கும் பையன்கள், ஸ்டுடியோக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள். மூன்று பேரும் முதலில் செய்வது ஒன்றுதான். பெயரைப் போனில் அடித்து, இங்கே என்ன விலைக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். 700டி என்று அடித்தால் நம் ஊர் விலைகள் வரிசையாக வரும். கிஸ் எக்ஸ்7ஐ என்று அடித்தால் ஜப்பானியக் கடைகள் யென்னில் வரும். அந்த இடத்திலேயே அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில், "அண்ணா, இது கொரியா செட்டா?" என்று கேட்டார்கள். டேப்பை உரித்துக் காட்டியது தப்பாகப் போயிற்று. இன்னொருவர் முன்பணம் கொடுக்கும் நேரத்தில் யாரிடமோ போனில் கேட்டுவிட்டு, "உதிரி கிடைக்காதாம்" என்று எழுந்து போனார். உதிரி எல்லாம் ஒன்றுதான், பேட்டரிகூட அதே எல்பி-இ8 என்று கழற்றிக் காட்டினேன். காட்டக் காட்டச் சந்தேகம்தான் கூடியது. விற்கிறவன் அதிகமாக விளக்கினால் நம் ஊரில் யாருக்கும் பிடிக்காது. அதே வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் 700டி-யை 9,500-க்கு விற்றார். என்னுடையதைவிடத் தேய்ந்தது, திரையில் கீறல் வேறு. எனக்கு வந்த கடைசி விலை 6,000. கூடலூர்ப் பையன் ஒருவன் கூடுதலாக 500 கொடுத்து எடுத்துக்கொண்டான். அவனுடைய சித்தப்பா டோக்கியோவில் இருக்கிறாராம், அவனுக்கு மட்டும் அந்தப் பெயர் பழக்கம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விற்பதில் 3,000, ரிப்பேரில் 6,500. எக்ஸ்7ஐ வாங்கியபோது மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அப்படிக் கரைந்தது. ரிப்பேர் எல்லோருக்கும் வராது, அதனால் அந்தத் தொகையை விட்டுவிடலாம். பத்து வருடம் வைத்திருந்துவிட்டு விற்றால் 3,000 பெரிய விஷயமில்லை என்பதும் சரி. ஆனால் இந்தமுறை நான் பத்து வருடம் வைத்திருக்கப் போவதில்லை. இரண்டு மூன்று வருடத்தில் மிரர்லெஸுக்கு, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமராவுக்கு, போக நினைக்கிறேன். கேமரா இன்னும் நல்ல விலையில் இருக்கும்போதே விற்பவனுக்குத்தான் இந்தப் பெயர்க் கழிவு பலமாக அடிக்கும். பில், வாரண்டி அட்டை, நெற்றியில் 200டி என்ற எழுத்து மூன்றும் இருந்தால் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடியே விற்றுவிடலாம்.

எஸ்எல்3 இந்த விஷயத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வாரண்டி இதற்கும் செல்லாது. ரெபெல் என்ற பெயரை யூடியூபில் பார்த்துப் பழகிய பையன்கள் இருப்பதால் கிஸ் அளவுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். நண்பர் தன்னுடையதை விற்கும்போது தெரியும்.

நேர்மாறாக, விற்கவே போவதில்லை, உடையும் வரை வைத்திருப்பேன் என்பவர்கள் கிஸ் எக்ஸ்10-ஐத் தாராளமாக வாங்கலாம். நம்பிக்கையான கை கொண்டு வர வேண்டும், கடைசியில் 'ஐ' இல்லை என்று பார்க்க வேண்டும். பேட்டரி எல்பி-இ17, எங்கும் கிடைக்கும். பார்வைக் குழாய் வழியாக எடுத்தால் 1,070 படம் வரும் என்பது கேனான் கணக்கு, ஜனவரி உறைபனிக் காலையில் அவ்வளவு வருவதில்லை. விலை குறைந்த வேற்றுப் பேட்டரி போட்டால் கேமரா கேள்வி கேட்கும். எனக்கு வாய்த்த ஒன்றை ஒரிஜினல் சார்ஜர் ஏற்கவே மறுத்தது.

மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதனால் 55-250 லென்ஸ் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். லென்ஸுக்கு எந்த ஊரிலும் ஒரே பெயர். சித்திரையில் வருகிறார்.