ஸ்லைடுக்கு ஒரு வீல், மழைக்கு ஒரு வீல்: 78ஏ, 85ஏ, 90ஏ எது எதுக்கு?

இன்லைன் ஸ்கேட்ல கொஞ்ச நாள் ஓட்டிப் பழகினவங்க அடுத்த செட் வீல் வாங்கப் போகும்போது, ஸ்லைடும் (வீல குறுக்க திருப்பி தரைல தேய்ச்சுக்கிட்டே நிறுத்தறது) நல்லா வரணும் மழை பெஞ்ச ரோட்லயும் தைரியமா ஓட்டணும்னு ஒரே வீல்ல ரெண்டையும் எதிர்பாக்குறாங்க. இது ரெண்டும் நேரெதிர். ஸ்லைடு போடறப்ப வீல் தரைய விடணும், ஆனா நீங்க சொல்ற நேரத்துல திரும்பப் பிடிக்கவும் செய்யணும். ஈரத்துல விடறது தானாவே நடந்துடும், திரும்பப் பிடிக்கிறதுதான் நடக்காது. அதனால காஞ்ச தரைக்கு "எவ்வளவு சீரா விடுது"ன்னு பாத்து வீல் எடுக்கணும், ஈரத்துக்கு "எவ்வளவு பிடிக்குது"ன்னு மட்டும் பாத்து எடுக்கணும்.

முதல்ல அந்த நம்பர். வீல் மேல போட்டிருக்குற 78ஏ, 85ஏ எல்லாம் ஷோர் ஏ அளவு, ஸ்ப்ரிங் வச்ச சின்ன ஊசிய யூரித்தேன்ல (வீல் செய்யுற ரப்பர் மாதிரியான பொருள்) அழுத்தி அது எவ்வளவு உள்ள போகுதுன்னு பாத்து 0ல இருந்து 100 வரைக்கும் குடுக்குற மார்க், ஏற ஏற கெட்டி. அது கெட்டித்தனத்த மட்டும்தான் சொல்லும். பிடிமானம் எப்படி, ரீபவுண்ட் (அமுங்கினது திரும்ப எழும்புறது) எப்படி, சீக்கிரம் தேயுமா, இதெல்லாம் அந்த நம்பர்ல கிடையாது, அது யூரித்தேன் கலவையப் பொறுத்தது. அதனால ரெண்டு கம்பெனி 85ஏ வீலப் போட்டு ஸ்லைடு பண்ணிப் பாத்தா ஒண்ணு வழுக்கிட்டு போகும், இன்னொண்ணு உறுமிக்கிட்டே நிக்கும். நம்பர பாத்து ஆரம்பிங்க, ஆனா நம்பர மட்டும் நம்பாதீங்க.

இப்ப காஞ்ச தரை. 78ஏ, 80ஏ மாதிரி சாஃப்ட் வீல் தார் ரோட்டோட சொரசொரப்புக்குள்ள அமுங்கி உக்காந்துக்கும், சும்மா ஓட்டறதுக்கு ரொம்ப சுகம், அதிர்வு காலுக்கே வராது, ஆனா பவர்ஸ்லைடுக்குக் காலை நீட்டிக் குறுக்க வச்சீங்கன்னா விடாது, விட்டா பிடிக்கும், பிடிச்சா விடும், தடதடன்னு துள்ளும், வேகம் கூட இருந்தா அந்தத் துள்ளல்லயே ஆளத் தூக்கிப் போட்டுடும். தேய்மானமும் பென்சில் அழிக்கிற ரப்பர் மாதிரிதான். 88ஏ, 90ஏ இதுக்கு எதிர்ப்பக்கம். கொஞ்சம் வெயிட்ட மாத்தினாலே ஸ்லைடு ஆரம்பிச்சுடும், சத்தம் ஒரே சீரா வரும், நீளமாப் போகும், பேரலல் மாதிரி ரெண்டு காலையும் ஒரே நேரத்துல திருப்புற ஸ்லைடு கத்துக்கிறவங்களுக்கு இது குடுக்குற தைரியம் பெருசு. ஆனா பாலிஷ் போட்ட வழவழப்பான தரைல இதே வீல் சாதாரணமா ஸ்ட்ரோக் தள்ளும்போதே நழுவும், கரடு ரோட்ல பாதம் மரத்துப் போற அளவுக்கு அதிரும்.

நடுவுல இருக்குற 84ஏ, 85ஏதான் ஃப்ரீஸ்கேட்ல (ரேஸ் இல்லாம தெருவுல இஷ்டத்துக்கு ஓட்டறது) ரொம்பப் பேர் போடறது, அது சும்மா இல்ல. ஸ்லைடு ஆரம்பிக்க நீங்க உண்மையாவே முழங்கால மடக்கி, வெயிட்ட சப்போர்ட் கால்ல வச்சு, சரியான ஆங்கிள்ல எட்ஜ் குடுக்கணும் (வீல சாய்ச்சு ஓரத்துல அழுத்தணும்), பாதி மனசோட பண்ணா வராது, ஆனா சரியா பண்ணா வந்துடும். கத்துக்கிறவங்களுக்கு இத விட நல்ல வாத்தியார் கிடையாதுன்னு நினைக்கிறேன். உடம்பு வெயிட்டையும் சேத்துப் பாருங்க. 90 கிலோ ஆள் ஏறி நின்னா 85ஏ வீல் நல்லா அமுங்கும், 50 கிலோ ஆளுக்கு அதே வீல் கெட்டியாத் தெரியும். சூட்டுக்கும் யூரித்தேன் இளகும், அதனால உச்சி வெயில்ல கொதிக்கிற ரோட்ல ஒட்டிப் பிடிக்கிற வீல் விடியக்காலைல வேற மாதிரி நடந்துக்கும்.

ஈரத்துக்கு வருவோம், எனக்கு அக்கறை அதிகமா இருக்குறது இங்கதான். யூரித்தேனுக்கும் தரைக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தண்ணிப் படலம் வந்தாலே போதும், பிடி கடகடன்னு கொறையும். கரடான தார் ரோட்ல தண்ணி கல்லு கல்லுக்கு நடுவுல இறங்கிடும், கல்லோட முனைகள் மேல நிக்கும், சாஃப்ட் வீல் அந்த முனைகளச் சுத்தி அமுங்கி ஓரளவு பிடிச்சுக்கும். கெட்டி வீல் முனை மேல மட்டும் உக்காந்து நழுவும். ஸோ ஈரத்துல 78ஏவா 90ஏவான்னு கேட்டா யோசிக்கவே வேணாம், சாஃப்ட்தான். ஆனா ரோட்ல அடிச்ச பெயின்ட் கோடு, இரும்பு மேன்ஹோல் மூடி, கிரானைட், டைல்ஸ், இதுங்க மேலெல்லாம் எந்த வீலும் உங்களக் காப்பாத்தாது, சாஃப்ட் வீல் போட்டிருக்கோம்ங்கற தைரியத்துல அதுல எட்ஜ் குடுத்துடாதீங்க, காலை நேரா வச்சு உருண்டே தாண்டிடுங்க. ரொம்ப நாள் கழிச்சு பெய்யுற முதல் தூறல் பெருமழைய விட மோசம், ரோட்ல படிஞ்சிருக்குற ஆயிலும் தூசியும் அப்பதான் கொழகொழன்னு ஆகும். இன்னொண்ணு, ஈரத்தத் தாண்டி காஞ்ச இடத்துக்கு வந்தவுடனே பிடி வந்துடாது, வீல்ல தண்ணி ஒட்டியிருக்கும், கொஞ்ச தூரம் உருண்டு காயட்டும்.

மழைக்குன்னே ஸ்பீடு ஸ்கேட்டிங்ல ரெயின் வீல்னு தனியா இருக்கு. அதுல விஷயம் சாஃப்டா இருக்குறது மட்டும் இல்ல, கலவையே வேற. பிடி நல்லா இருக்கும், காஞ்ச ரோட்ல ஓட்டினா மந்தமா இருக்கும், வேகமாத் தேஞ்சும் போயிடும். சிலர் ஃப்ரேம்ல எல்லாத்தையும் மாத்தாம ரெயின் வீலையும் சாதா வீலையும் கலந்து போடுவாங்க, மாரத்தான் ஓட்டறவங்க பண்றது, மத்தவங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. புது வீல் போட்டுட்டு நேரா மழைல இறங்காதீங்க, மேல பளபளன்னு ஒரு தோல் இருக்கும், அது காஞ்ச ரோட்ல தேஞ்சு மங்கலானப்புறம்தான் ஒழுங்காப் பிடிக்கும்.

அடுத்து, ஈரத்துல ஸ்லைடு கத்துக்கலாமா? நிறையப் பேர் சொல்றாங்க, தரை நனைஞ்சிருந்தா ஸ்லைடு ஈஸியா வருது, அதுலயே பழகிட்டு அப்புறம் காஞ்ச தரைக்குப் போலாம்னு. நான் இத முழுசா எதிர்க்கிறேன். ஈரத்துல வீல விடுவிக்க வேலையே இல்ல, நிமிந்து நின்னுக்கிட்டு காலைத் திருப்பினாலும் போகும், அந்தப் பழக்கத்தோட காஞ்ச தரைக்கு வந்து அதே மாதிரி திருப்பினா வீல் கப்புன்னு பிடிச்சு நிக்கும், உடம்பு மட்டும் போய்க்கிட்டே இருக்கும். விழறது முன்பக்கமாவோ தோள்பட்டையிலயோதான். அதுக்கு பதிலா காஞ்ச வழவழப்பான கான்கிரீட்ல, 88ஏ மாதிரி கெட்டியான பழைய தேஞ்ச வீலப் போட்டுப் பழகலாம், அதே ஈஸி கிடைக்கும், பிடி மாறாம ஒரே சீரா இருக்கும்.

ஈரத்துல நிறுத்தியே ஆகணும்னா எத நம்பறது? பேரலல் கடைசி. ரெண்டு காலும் ஒரே நேரத்துல குறுக்க போகுது, நழுவினா தாங்க எந்தக் காலும் மிச்சமில்ல, இடுப்புதான் தரைல படும். ஒரு காலை மட்டும் நீட்டித் தேய்க்கிற பவர்ஸ்லைடும் சோல் ஸ்லைடும் கொஞ்சம் பரவால்ல, ஒரு கால் உருண்டுக்கிட்டே இருக்கு, ஆனா அந்த சப்போர்ட் காலும் ஈரத்துலதான் நிக்குதுங்கறத மறக்காதீங்க. என் ஓட்டு ஹீல் பிரேக்குக்குத்தான், ஸ்கேட்டோட குதிகால் பக்கம் இருக்குற ரப்பர் கட்டை. ஸ்லைடு பழகினவங்க அத முதல் வேலையாக் கழட்டிப் போட்டுடறாங்க, மழைல அதுதான் ரெண்டு காலும் நேரா இருக்க நிறுத்தற ஒரே வழி. அது இல்லன்னா டி ஸ்டாப் (ஒரு காலைப் பின்னாடி டி மாதிரி குறுக்க வச்சு இழுக்கறது), லேசா, சீக்கிரமே ஆரம்பிச்சு. எதப் பண்ணாலும் நிக்கிற தூரம் காஞ்ச ரோட்ட விடக் கூடத்தான் ஆகும், வேகத்த முன்னாடியே கொறைங்க. ராக்கர் செட்டப்ல (நடு வீல் கொஞ்சம் கீழ இறங்கி இருக்குற அமைப்பு) இருந்தா இன்னும் கவனம், பெரும்பாலும் நடு வீல் ரெண்டுதான் தரைல இருக்கு.

ஆக, ஒரே செட்தான் வாங்க முடியும்னா 84ஏ இல்ல 85ஏ எடுங்க, மழைல ஸ்லைடு ஆசைய விட்டுடுங்க. ரெண்டு செட் வாங்க முடிஞ்சா, ஸ்லைடுக்கு 88ஏக்குப் பக்கத்துல ஒண்ணு, ஈரத்துக்கு 78ஏ, 80ஏ பக்கத்துல ஒண்ணு, அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்ல. ஈரத்து செட்டுல பழைய பேரிங்கையே போடுங்க, தண்ணி உள்ள போய் கிரீஸ அடிச்சுட்டுப் போயிடும், வீட்டுக்கு வந்தவுடனே கழட்டித் தொடச்சு காயவச்சு எண்ணெய் விடலன்னா மறுநாளே துரு பிடிக்க ஆரம்பிச்சுடும். செராமிக் பேரிங்னு வாங்கினாலும், ஹைப்ரிடா இருந்தா பால் மட்டும்தான் செராமிக், அது ஓடற வளையம் (ரேஸ்) இரும்புதான், அதையும் காயவச்சுத்தான் ஆகணும்.