மூன்று வருட ஸ்டேபிள்காயின் அனுபவம்: பணம் வந்துவிடும், சில்லறைதான் சிக்கல்

2022 கடைசியில் அர்ஜென்டினாவில் ஒருவருக்கு லோகோ வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். அங்கே பெசோவின் மதிப்பு மாதாமாதம் கரைந்துகொண்டிருந்தது. டாலர் வாங்கவும் அரசுக் கட்டுப்பாடு. அதனால் அந்த ஊரில் பலரைப் போல அவரும் யுஎஸ்டிடியில் சேமித்துவந்தார். ஒரு காயின் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும்படி அமைத்த டிஜிட்டல் பணம் அது; இந்த வகைக்குத்தான் ஸ்டேபிள்காயின் என்று பெயர். "அதிலேயே அனுப்பட்டுமா?" என்றார். அதற்கு முன் வங்கி வழியாக அவர் அனுப்பிய 200 டாலரில், நடுவில் இருந்தவர்கள் பிடித்தது போக எனக்கு 170 சொச்சம்தான் வந்திருந்தது. சரி என்றேன்.

இந்தக் காயின்கள் போய்வரும் தடங்களில் ஒன்றான ட்ரான் நெட்வொர்க்கில் அனுப்பினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள், காயினை வைத்துக்கொள்ளும் செயலியான என் வாலட்டில் விழுந்துவிட்டது. மறுநாள், காயினை விற்று ரூபாயாக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றப் பார்த்தால் நகரவில்லை. ட்ரானில் கட்டணத்தை டிஆர்எக்ஸ் என்ற வேறொரு காயினில் கட்ட வேண்டுமாம். என்னிடம் அது ஒன்றுகூட இல்லை. பையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தும் சில்லறை இல்லாமல் கண்டக்டரிடம் முழிப்போமே, அதே கதை. நண்பனிடம் டிஆர்எக்ஸ் கடன் வாங்கித்தான் என் பணத்தை நான் எடுத்தேன். பெறுபவரிடம் ஏற்கெனவே யுஎஸ்டிடி இல்லாவிட்டால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

பாதியை, சர்க்கிள் என்ற நிறுவனம் வெளியிடும் இன்னொரு டாலர் காயினான யுஎஸ்டிசியில் வைக்கலாம் என்று மாறினேன். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. யுஎஸ்டிசிக்கு ஈடாக சர்க்கிள் வைத்திருந்த கையிருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு டாலராக நிற்க வேண்டிய யுஎஸ்டிசி அந்தச் சனிக்கிழமை 88 சென்ட்டுக்குக் கீழே போனது. திங்களன்று ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை.

ஆனாலும் என்னை அதிகம் அலைக்கழித்தது ரூபாயாக்கும் வேலைதான். விலை கொஞ்சம் நன்றாக இருக்கிறதே என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்றேன். அவர் அனுப்பிய பணம் ஏதோ மோசடிப் புகாரில் சிக்க, என் வங்கிக் கணக்கு ஐந்து வாரம் முடங்கியது. வாடகையை மச்சானிடம் கேட்டு வாங்கினேன். இப்போது முறையான எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான். விற்கும்போது 1% டிடிஎஸ், கையில் வைத்திருந்ததில் லாபம் வந்தால் அதற்கு 30% வரி. நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. அதனால் வந்த அன்றே விற்றுவிடுகிறேன்.

ஒரு வருடமாக பேஸ் என்ற இன்னொரு நெட்வொர்க்கில், கட்டணத்தை யுஎஸ்டிசியிலேயே பிடித்துக்கொள்ளும் வாலட் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். சில்லறைப் பிரச்சினை ஒழிந்தது. வாலட்டை மீட்க உதவும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதி பீரோவில் பூட்டும் வேலையும் இல்லை, கைரேகை போதும். இது முதலிலேயே இருந்திருந்தால் அக்காவுக்கும் தைரியமாகச் சொல்லியிருப்பேன். உள்ளூர்ச் செலவுக்கு மட்டும் யாரும் இதைத் தேட வேண்டாம். இளநீர்க் கடையிலேயே யுபிஐ இருக்கிறது.

வாலட் முகவரி விஷயத்தில் பயம் இன்னும் போகவில்லை. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் அப்படியே ஒத்துப்போகும் போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, நம் வாலட்டின் வரவு-செலவுப் பட்டியலில் புகுந்துகொள்கிறார்கள். ஒருமுறை அதை காப்பி செய்தேவிட்டேன். புதிய ஆள் என்றால் இப்போதும் முதலில் 5 டாலர்தான். அது வந்தபிறகு மீதி.