நான்கு ஆண்டுகள், ஒரு பழுப்பு வளையம்: கழிப்பறை உப்புக்கறையோடு என் அனுபவம்

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று கழிப்பறைக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் நிற்கும் மட்டத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். மேல் விளிம்பின் அடியிலிருந்து மஞ்சள் கோடுகள் இறங்கியிருந்தன. முன்னால் குடியிருந்தவர்கள் கழுவியதே இல்லை போலிருக்கிறது என்று அவர்களைத் திட்டிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தேன். இப்போது அவர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பாவம், அவர்களும் கழுவித்தான் இருப்பார்கள். நானும்தான் முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் தவறாமல் கழுவினேன். வளையம் நகரவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் தடித்தது.

அந்த இரண்டு ஆண்டும் நான் ஊற்றியது பிளீச். ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பீங்கான் பளிச்சென்று ஆகிவிடும். ஆகா, வேலை முடிந்தது என்று தோன்றும். பத்து நாளில் அதே இடத்தில் அதே பழுப்பு. இன்னும் நல்ல பிராண்டு, இன்னும் கெட்டியான திரவம் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். எதை வாங்கினாலும் அது பிளீச்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

ஒரு நாள் கையுறை போட்டுக்கொண்டு அந்த வளையத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. கறை என்றால் வழுவழுப்பாக அல்லவா இருக்க வேண்டும்? பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் நெருடியதில் ஒரு சிறு சில்லு பெயர்ந்து வந்தது. அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டேன். பொறுபொறுவென்று நுரைத்தது. அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஆண்டுகளாக நான் ஒரு கல்லுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். கடினத்தன்மை உள்ள தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கின்றன. லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கார்பனேட் அளவு இருந்தால் அதை மிகக் கடினமான நீர் என்பார்கள். அந்தத் தண்ணீர் ஓர் இடத்தில் நின்று ஆவியாகும்போது அதிலிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. கரையாத கால்சியம் கார்பனேட் பீங்கானில் ஒட்டிக்கொள்கிறது. அதாவது சுண்ணாம்புக் கல். தண்ணீர் மட்டத்தில் வளையமாகப் படிவதற்குக் காரணம், ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுவது அங்கேதான். படிவு வெள்ளையாகத்தான் தொடங்குகிறது. சொரசொரப்பான பரப்பு என்பதால் இரும்புத் துரு, சிறுநீர், அழுக்கு எல்லாம் அதில் ஏறிப் பழுப்பாகிவிடுகிறது. பிளீச் அந்த நிறத்தைத்தான் எடுக்கும். அது காரம், சுண்ணாம்பைக் கரைக்காது. சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேண்டும்.

சரி, அமிலம் என்று தெரிந்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டதா என்றால் இல்லை.

முதலில் வினிகர். சுமார் 5 சதவீத அசிட்டிக் அமிலம்தான் அது. மெல்லிய படிவுக்குச் சரி. என் வீட்டு வளையத்துக்கு ஒரு வார முயற்சியில் மேல்தோல் மட்டும் போனது. வீடு முழுக்க ஊறுகாய் வாடை. சமையல் சோடாவைத் தூவி அதன் மேல் வினிகரை ஊற்றும் வித்தையையும் செய்து பார்த்தேன். நுரை பொங்குவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அமிலமும் காரமும் அங்கேயே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. கல்லைத் தின்ன வேண்டிய அமிலம் சோடாவைத் தின்றுவிட்டுப் போய்விடும். இந்த யோசனையை எனக்குச் சொன்னவர்கள் அத்தனை பேரும் நுரையைத்தான் பார்த்திருக்கிறார்கள், கோப்பையைப் பார்க்கவில்லை.

அடுத்தது சிட்ரிக் அமிலத் தூள். என் ஓட்டு இதற்குத்தான். 100 கிராம் தூளை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து இரவில் ஊற்றிவிட்டுக் காலையில் தேய்ப்பேன். கை பொறுக்கும் சூடு போதும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பீங்கான் விரிசல் விடலாம். இதில் வாடை இல்லை, மூச்சு முட்டாது, கைக்கும் பெரிய ஆபத்தில்லை. துருவையும் ஓரளவு பிடித்து இழுக்கும். ஆனால் முதல் தடவை ஊற்றியபோது இதுவும் சொதப்பியது. தவறு தூளில் இல்லை, என்னிடம்தான்.

கோப்பையில் ஏற்கெனவே இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதில் எந்த அமிலத்தை ஊற்றினாலும் நீர்த்துப்போகும். முதலில் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஃபிளஷ் டேங்குக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, பிரஷ்ஷால் அடி வளைவுக்குள் வேகமாகக் குத்திக் குத்தித் தள்ளினால் மட்டம் இறங்கிவிடும். மிச்சத்தைப் பழைய ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்கலாம். வளையம் காற்றில் வெளியே தெரியும்போது அதன் மேல் டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, அந்தக் காகிதம் முழுக்க நனையும்படி கரைசலை ஊற்றி விட்டுவிடுவேன். காகிதம் இல்லாவிட்டால் திரவம் வழிந்து கீழே போய்விடும், சுவரில் நிற்காது. விளிம்பின் அடிப்பகுதிக்கும் இதேதான். காகிதத்தைத் திரியாக முறுக்கி, நனைத்து, உள்ளே அழுத்திச் செருகிவிட வேண்டும். இரண்டு ஆண்டுக் கல் இப்படி மூன்று இரவுகளில் போனது. மூன்றாம் நாள் காலையில் பிரஷ் பட்டதும் அது ஈர மணல் மாதிரி உதிர்ந்து விழுந்ததைப் பார்க்க மனைவியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கா கூப்பிட்டீங்க?" என்றார்.

கடைகளில் கழிப்பறைக்கென்றே விற்கும் ஆசிட் திரவங்களில் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேகத்தில் அதை எதுவும் மிஞ்சாது. சிட்ரிக் ஓர் இரவில் செய்வதை இது இருபது நிமிடத்தில் செய்துவிடும். இருந்தாலும் நான் வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொடுவதில்லை. அதன் புகை பட்டே பக்கத்துக் குழாயின் குரோம் பூச்சு மங்கிவிட்டது. தரையில் இரண்டு சொட்டு சிந்திய இடத்தில் டைல்ஸ் இடுக்குச் சிமென்ட் அரித்துப் போனது. சிமென்டிலும் சுண்ணாம்புதானே இருக்கிறது. பளிங்குத் தரை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வராமலிருப்பது நல்லது.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆசிட் ஊற்றிக் காத்திருக்கும்போது, பழைய பழக்கத்தில் கை பிளீச் பாட்டிலுக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்த பிறகுதான் நினைவு வந்து நிறுத்தினேன். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். சின்னக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவருக்கு அது நுரையீரலைப் பதம் பார்க்கும் விஷம். இதற்கு வினிகரும் சிட்ரிக்கும்கூட விதிவிலக்கில்லை, அவையும் அமிலங்கள்தான். அன்றிலிருந்து இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதில்லை. கிருமிக்காகப் பிளீச் போட நினைத்தால் வேறொரு நாள், நன்றாகப் பலமுறை ஃபிளஷ் செய்த பிறகு.

தேய்க்கும் பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் ஆறாத தப்பு இதில்தான் இருக்கிறது. அமிலம் என்றால் என்னவென்று தெரியாத காலத்தில், ஆத்திரத்தில் ஸ்டீல் கம்பி நாரை எடுத்து வளையத்தைத் தேய்த்தேன். வளையத்தில் பாதி போனது. கூடவே பீங்கானின் பளபளப்புப் பூச்சிலும் கீறல்கள் விழுந்தன. கம்பி உரசிய சாம்பல் கோடுகள் வேறு. பிற்பாடு ஒரு நண்பர் சொல்லிப் பியூமிஸ் கல்லையும் வாங்கினேன். அது எரிமலைக் கல், சுண்ணாம்புப் படிவைவிடக் கடினம். கல்லையும் பரப்பையும் நன்றாக நனைத்துக்கொண்டு, அழுத்தாமல் தேய்த்தால் பிடிவாதமான கட்டிகளை எடுக்கும். உலர்ந்த கல்லால் தேய்த்தால் கீறிவிடும். ஊறவைக்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை என்பது என் கட்சி.

இனி அந்த மஞ்சள் கோடுகளுக்கு வருவோம். வளையம் போன பிறகும் பின்பக்கச் சுவரில் ஒரு கோடு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே இடம், ஒரே அகலம். மூன்றாவது ஆண்டில் வேறொரு வேலைக்காக வந்த பிளம்பரிடம் காட்டினேன். அவர் கோப்பையைப் பார்க்கவே இல்லை, நேராக டேங்க் மூடியைத் திறந்தார். "தண்ணி ஒழுகுறத நிறுத்தாம கறைய மட்டும் எடுத்து என்ன சார் பண்ணப் போறீங்க?" என்றார். டேங்குக்குள் கொஞ்சம் நிறச்சாயம் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டோம். சாயம் கோப்பைக்குள் இறங்கி வந்திருந்தது. அடி ரப்பர் தேய்ந்து, நாளெல்லாம் நூல் மாதிரி தண்ணீர் வழிந்திருக்கிறது. வழிந்த தடத்தில் கல்லும் துருவும் வளர்ந்திருக்கின்றன. ரப்பரை மாற்றியதும் கோடு வருவது நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், ரப்பர் கெட்டதற்கு நானே காரணமாக இருந்திருக்கலாம். டேங்குக்குள் போடும் பிளீச் மாத்திரைகளை ஒரு வருடம் போட்டுவந்தேன். அவை ரப்பரை இறுக்கிக் கெடுக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

துருக்கறைக்கும் பிளீச் எதிரிதான். தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அது ஆக்சிஜனேற்றம் செய்து துருவாகவே படிய வைத்துவிடும். கறை இன்னும் ஆழமாகும். செம்மஞ்சள் நிறத்தில் இருந்தால் சிட்ரிக் அமிலம், அதற்கும் அசையாவிட்டால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பொருள். ஆக்ஸாலிக் அமிலம் நச்சு, கையுறை கட்டாயம். கோப்பை ஓரத்தில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று படிவது மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது பெரும்பாலும் பாக்டீரியா. சோப்பும் பிரஷ்ஷும் போதும்.

எவ்வளவு கழுவினாலும் போகாத வாடை இருந்தால் விளிம்பின் அடியில் ஒரு கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். எனக்கு அங்கே மஞ்சள் பாறையே தெரிந்தது. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அமோனியாவாக உடைக்கின்றன. அதனால் காரத்தன்மை கூடிப் பாஸ்பேட் உப்புகள் கல்லாகப் படிகின்றன. சுண்ணாம்பு மாதிரி இது பொறுபொறுவென்று நுரைக்காது. அதனால் அமிலம் வேலை செய்யவில்லை என்று நினைத்து நான் பாதியில் விட்டிருக்கிறேன். கரைகிறது, மெதுவாக. தண்ணீர் விழும் துளைகளை அடைத்துக்கொண்டிருந்த படிவு கரைந்த பிறகு ஃபிளஷ் வேகமே மாறிவிட்டது. அதுவரை டேங்க் பழுது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது என் வழக்கம் இவ்வளவுதான். வாரம் ஒருமுறை படுக்கப் போகும் முன் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் தூளைக் கோப்பையில் தூவிவிட்டுக் காலையில் ஒரு தேய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் காகித வைத்தியம். ஊருக்குப் போனால் கிளம்பும் முன் டேங்க் வால்வை மூடிவிட்டு, கோப்பைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி தூள் போட்டுவிட்டுப் போவேன். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கில் சாயம் விட்டு ஒழுகலைப் பார்ப்பது. இந்த ஒன்றரை ஆண்டில் வளையம் திரும்பவில்லை.

ஒரே ஓர் இடத்தைத் தவிர. இடது பக்கம், ஸ்டீல் நாரால் நான் கீறிய அந்த நான்கு விரல் அகலம். பூச்சு போன பரப்பில் உப்பு முதலில் அங்கேதான் பிடிக்கிறது. ஐந்தாறு நாளில் லேசான பழுப்பு தெரிய ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்துத்தான் சிட்ரிக் டப்பாவை எடுக்கிறேன்.