காரைக்குடி ஆட்டிசம் ஆதரவு மையம்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடொன்றில் இயங்கும் இந்த மையத்துக்கு என் மகனை அழைத்துச் செல்கிறேன். அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி வளவு எனும் நடுமுற்றத்தின் தூணில் ஒட்டியிருப்பதால், அடுத்து என்ன என்ற பதற்றமின்றி, முடிந்த படத்தைத் தானே எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அவன் அடுத்த வேலைக்குச் செல்கிறான். ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரையில் படுத்துக்கொள்ளும் பிள்ளைகளை யாரும் அதட்டி எழுப்புவதில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும் என்பதையும், 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் முறையையும் பொறுமையாக விளக்குகிறார்கள். உயர்ந்த கூரையுள்ள பட்டாலை எனும் கூடத்தில் பேச்சொலி எதிரொலிப்பது, சத்தம் தாங்காத பிள்ளைகளுக்குத் துன்பம். அங்கே தடித்த திரைச்சீலைகள் அவசியம். பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கு மாலை வேளையில் மட்டுமே இடம் என்பதும் போதாது.