மாடல் வருடம் பார்க்க எது மேல்: ஆர்சியா, டயரா, சேஸிஸ் நம்பரா?

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தங்கை குடும்பத்துக்காகப் பழைய வேகன்ஆர் ஒன்று பார்த்தோம். டிஎன் 03 வண்டி. புரோக்கர் ஆர்சி (பதிவுச் சான்று) கார்டின் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி, "2018 மாடல் சார், சிங்கிள் ஓனர்" என்றார். பதிவுத் தேதி 2018 பிப்ரவரி, அது சரிதான். ஆனால் அதே பக்கத்தில், வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரும் இருந்தது. இடமிருந்து எண்ணினேன். பத்தாவது எழுத்து ஹெச். அதாவது 2017.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கச் சுவரில் 4817 என்று இருந்தால் 2017இன் 48ஆவது வாரம் செய்தது. ஆனால் டயர் தேய்ந்தால் மாற்றிவிடுவார்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் இருக்கும் லேபிளில் பெரும்பாலும் தேதி தெரியும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீரில் நின்ற வண்டிகள் நம் பக்கம் நிறைய. அவற்றில் பெல்ட்டையே மாற்றியிருக்கலாம். பெல்ட் தேதி வண்டியைவிடப் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டே ஆகவேண்டும்.

ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கிறது. நல்ல ஆதாரம்தான், ஆனால் முழு கார்டையும் கையில் வாங்கிப் பார்த்தால்தான் உண்டு.

சேஸிஸ் நம்பர் 17 இலக்கம். ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் எங்குமே வராது, 1, 0 என்று குழம்பாமல் இருக்க. முதல் மூன்று எழுத்து கம்பெனியைச் சொல்லும். மாருதி என்றால் பெரும்பாலும் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல். பத்தாவது இடம் வருடம். 2001 முதல் 2009 வரை 1 முதல் 9 வரை எண்கள். 2010 ஏ, அங்கிருந்து வரிசையாக எழுத்துகள். 2017 ஹெச், 2018 ஜே, 2019 கே, 2020 எல், 2021 எம், 2022 என். 2024 ஆர், 2025 எஸ். முப்பது வருடத்துக்கு ஒருமுறை இதே வரிசை திரும்பும். நம்பரை ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தபோது 1987 மாடல் என்று வந்தது. ஹெச் 1987க்கும் உண்டு. அமெரிக்க விதிப்படி ஏழாவது இடம் எண்ணாக இருந்தால் பழைய சுற்று, எழுத்தாக இருந்தால் புதிய சுற்று. நம் ஊர் வண்டிக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் தளத்தைவிட விரல்விட்டு எண்ணுவதே மேல்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், ரீசேல். மார்கழியில் புது வண்டி எடுக்க நம்மவர்களுக்கு மனசு வராது. தை பிறக்கட்டும் என்பார்கள். ஜனவரியில் பதிந்தால் புது வருடக் கணக்கு என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். நவம்பர், டிசம்பரில் செய்த வண்டி யார்டில் காத்திருந்து பொங்கல் கழித்துப் பதிவாகும். அந்த வண்டியை விற்கும்போது பதிவு வருடத்தைச் சொல்வார்கள். அதையே நாளைக்கு நாம் விற்கப் போனால், வாங்குகிறவர் தயாரிப்பு வருடத்தைச் சொல்லி விலையைக் குறைப்பார். ஒரு மாத வித்தியாசத்துக்கு ஒரு முழு வருட விலை போகிறது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் தயாரிப்பு வருடம்தான் அச்சாகும். வாங்கும்போதே அந்த வருடத்துக்கு உரிய விலையைக் கொடுத்தால்தான் பிறகு கை கடிக்காது.

15 வருடப் பதிவுக் காலத்துக்கு மட்டும் பதிவுத் தேதிதான் கணக்கு. அந்த அளவுக்கு அதற்கும் மதிப்பு உண்டு.

மறுநாள் நேரிலேயே போனோம். காசிமேடு பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டி. பானட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் நம்பர் அடித்திருந்தது, மேலே துரு படிந்து. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. ஒரே அளவு, ஒரே ஆழம், சுற்றிலும் வெல்டிங் அடையாளமோ ராவிய தடமோ இல்லை. போட்டோவில் இருந்த நம்பரோடு 17உம் ஒத்துப்போனது. டயர், பெல்ட், ஆர்சி எதிலும் இந்த உறுதி கிடைக்காது. இது வண்டியின் உடம்பிலேயே அடித்தது.

நான் கை வைத்துப் பார்த்தவை மாருதி, ஹூண்டாய், டாடா மட்டும்தான். மாதக் குறியீடு இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் மாதத்தை அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து இறக்கிய வண்டி என்றால் பத்தாவது எழுத்தை அப்படியே நம்பாதீர்கள். ஐரோப்பாவுக்கென்று செய்த பல வண்டிகளில் அந்த இடத்தில் வருடமே இருக்காது.

பென்சில் தாளைக் காட்டியதும் புரோக்கர் ஆர்சியின் மறுபக்கத்தையும் எடுத்துக் கொடுத்தார். தயாரிப்பு 11/2017. சொன்ன விலையில் 20,000 ரூபாய் குறைத்தார், வண்டியை எடுத்துக்கொண்டோம். அந்தத் தாள் இப்போது ஆர்சியோடு அதே கவரில் இருக்கிறது.